எண்ணெய் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலிருந்து அயல்நாட்டு எண்ணெய் வயல்களுக்கான சமூக நலத் திட்டங்களை வகுக்கும் தமிழ் அதிகாரிகளுக்கு வணக்கம்.

உங்கள் திட்டங்களில் ஆயுதம் எடுக்காத இளைஞனுக்கு முதலிடம் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில், ஒலோயிபிரி என்னும் ஊரில் 1956-இல் எண்ணெய் கிடைத்தது. பின்னர் ஏற்பட்ட கசிவுகளால் ஆற்று மீனும் விளைநிலமும் நாசமாயின. அமைதி வழியில் நியாயம் கேட்ட ஒகோனி மக்களின் தலைவர் கென் சாரோ-விவாவையும் வேறு எட்டுப் பேரையும் இராணுவ ஆட்சி 1995 நவம்பர் 10-ஆம் நாள் தூக்கிலிட்டது. வாயால் கேட்டவர்களுக்கு இந்தக் கதி என்றால், அடுத்து வந்த இளைஞர்கள் துப்பாக்கி ஏந்தியதை நியாயப்படுத்த முடியாவிட்டாலும் அதன் காரணம் புரியாமல் போகாது.

நிறுவனங்கள் அங்கே பள்ளியும் மருத்துவமனையும் கட்டாமல் இல்லை. ஆனால் பணம் ஊர்த் தலைவர்கள், ஒப்பந்தக்காரர்களின் கைவழியே போனது; எண்ணெய்க் குழாய்களைக் காக்கும் ஒப்பந்தம் என்ற பெயரில் மிரட்டும் குழுக்களுக்கும் போனது; அதைப் பெறுவதற்காகக் குழுக்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டன. அங்கே எண்ணெய் எடுத்த ஷெல் நிறுவனம் தானே அமர்த்திய ஆலோசகர்கள், நிறுவனம் இயங்கும் முறையே மோதலை வளர்க்கிறது என்று 2003-இல் எழுதிக் கொடுத்தார்கள். 2009-இல் அரசு பொதுமன்னிப்பு அறிவித்து, அதை ஏற்று வந்த போராளிகளுக்கு மாதம் 65,000 நைரா வழங்கியது. சண்டையை நிறுத்த அது தேவைப்பட்டது என்பதை ஏற்கிறேன். ஆனாலும், வம்புதும்புக்குப் போகாமல் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பக்கத்து வீட்டுப் பையன் அதிலிருந்து என்ன கற்றிருப்பான்?

நைஜீரியாவின் 2021-ஆம் ஆண்டுப் பெட்ரோலியத் தொழில் சட்டம் எண்ணெய் நிறுவனங்களின் ஆண்டு இயக்கச் செலவில் 3 விழுக்காட்டை உள்ளூர் அறக்கட்டளைக்குக் கொடுக்கச் சொல்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் அறங்காவலரை அமர்த்தும் அதிகாரம் நிறுவனத்திடமே இருக்கிறது. நாசவேலையால் குழாய் சேதமானால், பழுதுபார்க்கும் செலவு ஊர் நிதியிலிருந்து கழிக்கப்படுகிறது. சிலர் செய்த குற்றத்துக்கு இங்கேயும் அந்தப் பையன்தான் தண்டம் கட்டுகிறான்.

இது நமக்குத் தெரியாத கதையன்று. கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்த நம் குடும்பங்களின் பிள்ளைகளை முதலில் தேடி வந்தவை குண்டர் கும்பல்கள்தாம். தீபாவளி நெருங்கினால் மண்டபத்தில் மாதிரிக் காசோலை, அரிசிப் பை, புகைப்படம். தாயோடு வரிசையில் நிற்கும் பதினேழு வயதுப் பையன் படக்கருவிக்கு முகம் காட்டாமல் பையை வாங்கிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அவனுக்கு வேண்டியது தொழிற்பயிற்சியும் அதன் முடிவில் ஒரு வேலையும்.

ஆகவே, அடுத்த நிதி ஒதுக்கீட்டின்போது ஊர் இளைஞர்களும் பெண்களும் தேர்ந்தெடுக்கும் குழுவிடம் கணக்கை ஒப்படையுங்கள். பயிற்சி இடங்களை எந்தக் குழுவின் பரிந்துரையும் இன்றித் தகுதி பார்த்து வழங்குங்கள். கசிவைத் துப்புரவாக்கும் செலவைச் சமூக நலக் கணக்கில் எழுதாதீர்கள். அது நீங்கள் அந்த ஊருக்குப் பட்டிருக்கும் கடன்.

இங்ஙனம்,
செந்தூலிலிருந்து ஓர் இளைஞர் நலப் பணியாளர்