கேமராவில் எர்ரர் வந்தால் உடனே போர்டை மாற்றாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

19 வருடமாகக் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறேன். போன வைகாசியில் ஒரு முகூர்த்தம். கெட்டிமேளம் கொட்டுகிறார்கள், மாப்பிள்ளை குனிகிறார், கொஞ்சம் ஜூம் பண்ணி முதல் முடிச்சுக்கு ஷட்டரை அழுத்துகிறேன், கேமரா 'டக்' என்று ஒரு சத்தத்தோடு அப்படியே நின்றுவிட்டது. லென்ஸோடு தொடர்பு இல்லை என்று திரையில் எர்ரர். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துத் திரும்ப மாட்டினேன், அதற்குள் மூன்று முடிச்சும் போட்டு அட்சதையும் விழுந்துவிட்டது. பெண்ணின் அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். அந்தப் பக்கத்தை அவர் புரட்டியபோது என்னால் பக்கத்தில் நிற்க முடியவில்லை.

மறுநாளே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். பெயர் வேண்டாம். "போர்டு போயிருச்சு சார், மாத்தணும்" என்றார்கள், கேமராவுக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையைத்தான் சொன்னார்கள், 18,500 ரூபாய் ஆயிற்று, கடன் வாங்கித்தான் கட்டினேன். அடுத்த மூன்று வாரத்தில் இரண்டு நிச்சயதார்த்தம், இரண்டுமே இரவு நேரம், மண்டபத்துக்குள், வெளிச்சம் போதாமல் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரத்தை, முழுக்கத் திறந்தே எடுத்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் ஒரு ரிசப்ஷன். சொந்தக்காரர்கள் இருபது பேர் மேடையில் ஏறி நின்றார்கள், எல்லார் முகமும் தெளிவாக விழ வேண்டுமே என்று துவாரத்தைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்து அழுத்தினால் அதே டக், அதே எர்ரர்.

எங்கள் ஊரில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார், ஃபிலிம் காலத்திலிருந்து கேமரா திறக்கிறவர். அவர் ஸ்க்ரூ டிரைவரையே தொடவில்லை. "முழுசாத் திறந்து வச்சு ஒண்ணு எடுங்க தம்பி" என்றார், எடுத்தேன், படம் விழுந்தது. "இப்ப எட்டுல வைங்க" என்றார், எர்ரர். ஜூமை அகலப் பக்கமே தள்ளி அதே எட்டில் எடுக்கச் சொன்னார், படம் விழுந்தது. "பாடியில ஒண்ணுமில்ல, லென்ஸ்ல ஃப்ளெக்ஸ் அறுந்திருக்கு" என்றார். பாடி என்பது லென்ஸ் இல்லாத கேமரா, ஃப்ளெக்ஸ் என்பது லென்ஸுக்குள் மின்சாரம் கொண்டுபோகும் வளையும் பட்டை. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஃப்ளெக்ஸும் கூலியும் சேர்த்து 2,200 ரூபாய். கழற்றிய பழைய ஃப்ளெக்ஸை என் கையில் கொடுத்தார், காப்பி நிறத்தில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு பட்டை, வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பில் தலைமுடி போல ஒரு கீறல், அவ்வளவுதான்.

என் கேமரா எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, இந்தக் கோளாறு பல கம்பெனி லென்ஸிலும் வரக்கூடியது. ஆனால் எர்ரர் ஏன் அப்படி வந்தது என்பது போட்டோ எடுக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நாம் ஷட்டரை அழுத்தும் வரைக்கும் டிஎஸ்எல்ஆரில் லென்ஸின் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்துதான் இருக்கும், வியூஃபைண்டரில் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக. எஃப் 8 என்று வைத்து அழுத்தினால், அந்தக் கணத்தில்தான் கேமரா லென்ஸிடம் 'எட்டுக்கு மூடு' என்று சொல்கிறது, என் லென்ஸ் மாதிரி மின்சாரத்தில் இயங்குகிறவற்றில் உள்ளே இருக்கும் குட்டி மோட்டார் துவாரத்தைச் சுற்றியுள்ள இதழ்களை மூடுகிறது. அந்த மோட்டாருக்குப் போகும் பட்டை அறுந்திருந்தால் இதழ் அசையாது, கேமரா எர்ரர் காட்டி நிற்கும். முழுக்கத் திறந்து எடுத்தால் மூடவே தேவையில்லையே, அதனால் படம் விழுந்துவிடும். ஜூம் லென்ஸில் நாம் திருகுகிற ஒவ்வொரு தடவையும் இந்தப் பட்டை மடங்கி நிமிர்கிறது, அதனால்தான் சில ஜூம் நிலையில் மட்டும் எர்ரர் வருகிறது. சர்வீஸ் சென்டரில் போர்டை மாற்றிவிட்டு அகலத்தில் முழுக்கத் திறந்து ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டு 'சரியாகிவிட்டது' என்று கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கேனான் 1987-இல் இஎஃப் மவுண்டை, அதாவது லென்ஸ் பாடியில் பூட்டும் வாயை, கொண்டுவந்தபோது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் இருந்த நெம்புகோல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுக்க மின்சாரத்துக்கு மாறியது. பாடியின் வாயில் ஸ்பிரிங் வைத்த 8 ஊசிகள். மோட்டாருக்குத் தனி மின்சாரம், சிப்புக்குத் தனி மின்சாரம், போகிற தகவலுக்கு ஒன்று, வருகிற தகவலுக்கு ஒன்று என்று பங்கு போட்டு வேலை செய்கின்றன. இன்றைய மிரர்லெஸ் கேமராக்களும் லென்ஸோடு இப்படி மின்சாரத்தில்தான் பேசுகின்றன. கேனானில் 'எர்ர் 01' வந்தால் கான்டாக்டை, அதாவது லென்ஸும் பாடியும் தொடும் உலோகப் புள்ளிகளை, துடைக்கச் சொல்லும். அழுக்குப் பிடித்த கான்டாக்டுக்கும் அதே எண்தான், உள்ளே அறுந்த ஃப்ளெக்ஸுக்கும் அதே எண்தான். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நம் கையில் இருக்கிறது. வேறு லென்ஸை உங்கள் பாடியில் மாட்டுங்கள், உங்கள் லென்ஸை நண்பர் பாடியில் மாட்டுங்கள், கோளாறு யாரோடு போகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் அந்த மெக்கானிக் செய்ததைச் செய்யுங்கள், திறந்து ஒன்று, மூடி ஒன்று, ஜூமின் இரண்டு முனையிலும் நடுவிலும். இதற்குப் பத்து பைசா செலவில்லை.

லென்ஸை லேசாகத் திருகிப் பிடித்தால் வேலை செய்கிறது, விட்டால் எர்ரர் என்றால் கான்டாக்டோ மவுண்டு ஸ்க்ரூவோதான். கல்யாண வேலையில் நம் கை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் பன்னீர் தெளிப்பார்கள், சந்தனம் தொட்டிருப்போம், வியர்வை, ஹோமப் புகை, அதே விரலால் அவசரமாக லென்ஸ் மாற்றும்போது லென்ஸின் பின்பக்கம் கான்டாக்டின் தங்க முலாம் மேல் விரல் பட்டுவிடுகிறது. துடைப்பதென்றால் கேமராவை ஆஃப் செய்து, பேட்டரியை எடுத்து, பாடியின் வாயைக் கீழ்ப்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, நூல் விடாத சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். கறை போகவில்லை என்றால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு சொட்டு, லென்ஸ் மேல் இல்லை, துணி மேல். உப்புத்தாளும் நெயில் பாலிஷ் ரிமூவரும் கூடவே கூடாது. ரப்பரால் தேய்க்கிறவர்கள் நிறையப் பேர், அந்தத் துகள் பாடிக்குள் விழும், முலாமும் தேயும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் போகும். எட்டு ஊசியில் ஒன்று மட்டும் உள்ளே அமுங்கிக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், இதை யாரும் பார்ப்பதில்லை.

பழைய லென்ஸ் வாங்குகிற தம்பிகளுக்கு இன்னொன்று. நிக்கான் பாடியில் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸை மாட்டி 'எஃப் இ இ' என்று வந்தால் லென்ஸ் கெட்டுப்போகவில்லை. வளையத்தைக் கடைசி எண்ணுக்கு, அனேகமாக 22-க்கு, திருப்பிப் பூட்டினால் போதும். இது தெரியாமல் நல்ல லென்ஸைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டவரை எனக்கே தெரியும். அதேபோல் பழைய சிக்மா லென்ஸ் சில, கேனான் டிஜிட்டல் பாடியோடு சேராமல் எர்ரர் காட்டும், அது சிப் பொருத்தமில்லாமை, துடைத்துப் பயனில்லை. 2018-இல் நிக்கானின் இசட் வரிசை மிரர்லெஸ் கேமராக்கள் வந்த பிறகு டாம்ரான் லென்ஸ்கள் சிலவற்றுக்கு ஃபர்ம்வேர், அதாவது உள்ளே இருக்கும் மென்பொருள், மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே, வேறு கம்பெனி லென்ஸ் என்றால் கழற்றிப் பிரிக்கும் முன் ஃபர்ம்வேரைப் பாருங்கள்.

சர்வீஸ் சென்டர்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எந்தெந்தச் சோதனை செய்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தோம் என்று ஜாப் ஷீட்டில் எழுதுங்கள், மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுங்கள். கம்பெனிகள் இந்த ஃப்ளெக்ஸ் மாதிரிச் சின்ன பாகங்களைச் சிற்றூர் மெக்கானிக்குக்கும் நியாய விலையில் விற்க வேண்டும். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளைச் சொன்னார்கள். கேமரா கம்பெனிகளையும் அதில் பாகங்களின் விலையோடு வரச் சொல்ல வேண்டும். என்னைப் போல் காசு கொடுத்தும் கோளாறு தீராதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். நான் அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன், அப்போது எனக்கு இந்த எண் தெரியாது.

உங்கள் நாளிதழை எங்கள் தொழிலில் இருக்கிற பலர் ஸ்டுடியோவில் போட்டுப் படிக்கிறோம். ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை வெளியிட்டால், மண்டபத்துக்குக் கிளம்பும் முன் லென்ஸை எட்டில் வைத்து, ஜூமை முனைக்கு முனை திருப்பி நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண போட்டோகிராபர்,
காரைக்குடி