கிழிபட்ட தாளில் என்ன இருந்தது

வெலிங்டன், நியூசிலாந்து
ஜூன் 2025

அன்புள்ள நண்பா,

கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. கட்டுப் பிரித்த கையோடு நாளிதழை எடுத்திருக்கிறாய்! நாடாளுமன்றத்தில் நடனமாடியதற்காக மூன்று உறுப்பினர்கள் இடைநீக்கமாமே, என்ன கூத்து இது என்று கேட்டிருக்கிறாய்.

அப்படி எழுதியவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். அந்த ஹாக்காவை, அதாவது இங்குள்ள பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மரபு ஆட்டத்தை, உலகமெல்லாம் காட்டினார்கள். அன்று கிழிபட்ட தாளில் என்ன இருந்தது என்று சொன்னவர்கள் குறைவு.

பிரிட்டிஷ் அரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே 1840-இல் கையெழுத்தான வைத்தாங்கி ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதிகள். மாவோரித் தலைவர்களில் பெரும்பாலோர் கையெழுத்திட்டது தங்கள் மொழிப் பிரதியில். அதில் அவர்கள் விட்டுக்கொடுத்தது 'காவனதாங்கா', அதாவது நிர்வாகம். ஆங்கிலப் பிரதியிலோ இறையாண்மையே கைமாறிவிட்டதாக இருக்கிறது. நிலமும் ஊரும் செல்வங்களும் தலைவர்களின் முழு அதிகாரத்திலேயே இருக்கும் என்பது மாவோரிப் பிரதியின் உறுதிமொழி. ஆக்ட் கட்சித் தலைவர் டேவிட் சீமோரின் மசோதா 'எல்லோருக்கும் சம உரிமை' என்று சொல்லிக்கொண்டே அந்த உறுதிமொழியைக் கரைக்கப் பார்த்தது. சம உரிமை என்று தலைப்புப் போட்டுவிட்டால், எதிர்ப்பவர்கள் தானாகவே சலுகை கேட்பவர்களாகிவிடுகிறார்கள். 2004-இல் அப்போதைய நேஷனல் கட்சித் தலைவர் டான் பிராஷ் ஒரேவா என்ற ஊரில் இதே தொனியில் பேசியபோதும் அவருடைய கட்சி கருத்துக்கணிப்பில் எகிறியது.

சென்ற நவம்பர் 14-இல் மாவோரிக் கட்சியின் 22 வயது உறுப்பினர் ஹானா ராஃபிட்டி மைப்பி-கிளார்க் ஹாக்காவைத் தொடங்கியபோது கிழித்தது அந்த மசோதாவைத்தான். ஐந்தாம் நாள் நாடாளுமன்றத்தின் முன்னே சுமார் 42,000 பேர் திரண்டதாகப் போலீஸ் கணக்கு. நானும் நின்றேன். பக்கத்தில் ஒரு பாட்டி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை மாவோரிக் கொடியைப் பேரன் தோளில் போர்த்தி ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். கூட்டம் பாடத் தொடங்கியது. வாயில் ஊக்குகள் இருந்ததால் பாட்டை முனகியபடியே குத்தி முடித்தார்.

மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவுக்கு வந்த மூன்று லட்சத்துக்கும் அதிகமான மனுக்களில் சுமார் 90 சதவீதம் எதிர்ப்பு. ஏப்ரல் 10 அன்று 112-க்கு 11 என்று மசோதா தோற்றது. இது உன் நாளிதழில் வந்ததா? இடைநீக்கம் மட்டும் வந்துவிட்டது. ஹானாவுக்கு 7 நாள், அவர் கட்சித் தலைவர்கள் இருவருக்கும் 21 நாள். இதற்கு முன் அதிகபட்சத் தண்டனையே மூன்று நாள்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 'ஸ்டஃப்' என்ற இங்குள்ள செய்தி நிறுவனம் தன் பழைய இதழ்களைத் தானே புரட்டி, மாவோரி மக்களை எழுதிய விதத்தில் இனவெறி இருந்தது என்று ஒப்புக்கொண்டு 2020 நவம்பர் 30 அன்று மன்னிப்புக் கேட்டது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் ஒரு நாள் முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டால் போய்விடுகிற பழக்கமா அது?

பேத்திக்குப் பள்ளியில் மாவோரி முறையில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பாடம். முதலில் மலை, பிறகு ஆறு, பெயர் கடைசியில். 'நம் மலை எது தாத்தா?' என்றாள். ஆற்றைத் தாமிரபரணி என்று சொல்லிவிட்டேன். நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குன்றுக்கு ஊரில் ஒரு பெயர் சொல்வார்களே, எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்கு வேண்டும். கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்