உப்புக் காற்றுக்கு எந்தப் பூச்சு?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதமும் நாலு படங்களும் வந்து சேர்ந்தன. கால்வெஸ்டன் வீடு உங்களுக்குப் பிடித்துப்போனதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். மீனாவுக்கு அங்கேயே வேலை கிடைத்ததும் நல்ல செய்தி. வீட்டு விஷயங்களைத் தனியாக எழுதுகிறேன். இந்தக் கடிதம் முழுக்க உன் பிஸ்டலுக்குத்தான்.

அதற்கு எந்த ஃபினிஷ், அதாவது மேற்பூச்சு, நல்லது என்று கேட்டிருக்கிறாய். நான் அதை, கார்பன் ஸ்டீலில் செய்த .45 காலிபர் 1911 மாடல் பிஸ்டலை டெக்சஸ் கடலோரத்தில், வியர்க்கும் கோடையில், இடுப்பு உறையில் வைத்துக்கொள்கிறவனுக்கு எது பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் துப்பாக்கிக்கு இதே பதில் சரிவராது. உன்னுடையது சமீபத்தில் தயாரானது என்பதால் தயங்காமல் கை வைக்கலாம். அதுவே போர்க்காலத்து ராணுவ 1911-ஏ1 ஆக இருந்தால், துருவை எண்ணெய் போட்டு நிறுத்திவிட்டு அப்படியே விடு என்றுதான் சொல்வேன். அசல் மேற்பரப்பைச் சுரண்டிப் புதிதாக்கினால் சேகரிப்பாளர்களிடம் அதன் மதிப்பு பெரிதும் விழுந்துவிடும், திரும்ப வராது.

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துரு வந்திருப்பது கைப்பிடியின் கிரிப் பலகைக்கு அடியிலும், கைப்பிடியின் பின்பக்கத்தில் உள்ளங்கை அழுத்தும் கிரிப் சேஃப்டியிலும், மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் வலது பக்கத்தில் உடம்போடு ஒட்டும் இடத்திலும். உறை உரசித் தேய்ந்த முனையில் இரும்பு வெள்ளையாகத் தெரிகிறது, ஆனால் துரு இல்லை. இது முக்கியம். உன் பிரச்சினை தேய்மானம் இல்லை, வியர்வை உப்பு போய்த் தங்கும் இடங்கள். கடினமான பூச்சைத் தேடுவதை விட, ஈரம் உள்ளே இறங்காத பூச்சைத் தேடுவதுதான் உனக்குச் சரி.

இப்போது அதன் மேல் இருப்பது சூடான புளூயிங். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கரைந்த தொட்டியில் சுமார் 140 முதல் 146 டிகிரி செல்சியஸில் கால் மணி முதல் அரை மணி நேரம் போட்டு எடுப்பார்கள். இரும்பின் மேல்தோலே கறுப்பு ஆக்சைடாக, அதாவது மேக்னடைட்டாக மாறுகிறது. மேலே எதுவும் ஏறுவதில்லை, அதனால் அளவு மாறாது. இவ்வளவு மெல்லிய தோல் தானாகத் துருவைத் தடுக்காது, தன் மேல் எண்ணெயைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எண்ணெய் போனால் பாதுகாப்பும் போச்சு. அழகு என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. 1955-இல் வந்த கோல்ட் பைத்தான் ரிவால்வரின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்தவர்கள் அது ஏதோ தனி ரசாயனம் என்று நினைப்பார்கள். உண்மையில் அந்த ஆழம் அடியில் இருக்கும் மெருகிலிருந்து வருவது. மெருகு போடுபவர் அவசரப்பட்டால் விளிம்புகள் உருண்டுவிடும், திருகுத் துளைகளின் வாய் குழிந்துவிடும், பொறித்த எழுத்துகள் மங்கிவிடும். இதில் எதையும் தொட்டியால் சரிசெய்ய முடியாது.

மறுபடி புளூயிங்கே வேண்டும் என்று நீ முடிவு செய்தால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஃபிரேமில், அதாவது கைப்பிடியோடு சேர்ந்த அடிச்சட்டத்தில், பொருத்திய சின்னப் பாகங்களான பிளஞ்சர் டியூப், கிரிப் திருகுகளின் புஷிங், சிறு ஊசியால் இறுக்கிய எஜெக்டர் ஆகியவற்றின் அடியில் காஸ்டிக் உப்பு ஒளிந்துகொள்ளும். நன்றாகக் கொதிநீரில் அலசாவிட்டால் சில வாரங்களில் வெள்ளைப் பொடியாகக் கசிந்து வெளியே வரும். இன்னொன்று, ஈயப் பற்று வைத்த சைட் (குறிபார்க்கும் முனை) இருந்தால் காஸ்டிக் அந்தப் பற்றைத் தின்றுவிடும். அலுமினிய ஃபிரேம் கொண்ட லைட்வெயிட் கமாண்டர் பிஸ்டலை அந்தத் தொட்டியில் போட்டால் ஃபிரேமே கரைந்துவிடும். வீட்டில் இந்தத் தொட்டியை வைக்காதே. கொதிநிலையைக் கட்டுப்படுத்த அவ்வப்போது தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கும். 140 டிகிரிக் காஸ்டிக்கில் தண்ணீர் சட்டென்று விழுந்தால் வெடித்தாற்போலத் தெறிக்கும், கண் போய்விடும்.

புட்டியில் விற்கும் குளிர் புளூயிங் செலினியமும் தாமிர உப்பும் கலந்த திரவம். கீறலை மறைக்க உதவும், வியர்வை பட்டால் சீக்கிரமே துருப்பிடிக்கும்.

அடுத்து பார்க்கரைசிங். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ 1911-ஏ1 பிஸ்டல்களில் பளபளப்பில்லாத சாம்பல் நிறத்தில் பார்ப்பாயே, அதுதான். துத்தநாக பாஸ்பேட் அல்லது மாங்கனீசு பாஸ்பேட் கரைசலில் இரும்பின் மேல் பாஸ்பேட் படிகங்களை வளர்ப்பது. துத்தநாகம் வெளிர் சாம்பல் தரும், மாங்கனீசு கறுப்புக்குக் கிட்டே வரும். இந்தப் படிகங்கள் பஞ்சு போல எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் வெறும் புளூயிங்கை விட வெகுநாள் தாங்கும்.

செய்முறை எளிதாகத் தெரியும், தோற்பது தயாரிப்பில்தான். முதலில் 80 முதல் 120 மெஷ் அலுமினியம் ஆக்சைடு மணலை அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்க வேண்டும். மெருகு போட்ட இரும்பில் பாஸ்பேட் பிடிக்காது, திட்டுத் திட்டாக வரும். மணல் அடித்த பிறகு வெறும் கையால் தொடக்கூடாது, ஒரு விரல்ரேகை போதும், அந்த ரேகையின் வடிவிலேயே கறை வரும். எண்ணெய்ப் பிசுக்கை முழுக்க நீக்கி, பாகத்தை வெந்நீரில் சூடேற்றிய பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். பாத்திரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சூடு 88 முதல் 96 டிகிரி. கொதிக்க விட்டால் கசடு பிரிந்து பாகத்தின் மேல் மணல் போலப் படியும். புதுக் கரைசலாக இருந்தால் எண்ணெய் நீக்கிய ஸ்டீல் வூலை முன்கூட்டியே கொஞ்சம் கரைத்துக்கொள்வார்கள். கரைசலில் இரும்பு இல்லாவிட்டால் முதல் பாகம் வெளிறித்தான் வரும். உள்ளே போட்டதும் நுரைத்துக் குமிழி கிளம்பும். பத்து இருபது நிமிடத்தில் குமிழி அடங்கினால் வேலை முடிந்தது. வெந்நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் எண்ணெயில் முக்க வேண்டும். கடினப்படுத்திய பகுதி மட்டும் வேறு நிறத்தில் வருவது உண்டு. அது செய்தவர் பிழையில்லை.

அந்தக் குமிழி ஹைட்ரஜன் என்பதை மறக்காதே. கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கிவிடும். அதனால் ஸ்பிரிங் எதையும், காலித் தோட்டாவை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும்கூட, தொட்டியில் போட விடாதே. அமிலத்தில் துருவை ஊறவைத்து எடுக்கும் பழக்கம் உள்ள பட்டறைகளுக்கும் இதே எச்சரிக்கை.

முலாம் பற்றிக் கேட்டிருந்தாய். மின்சாரம் வழியாகப் போடும் பழைய நிக்கல் முலாம் பளபளப்பாக இருக்கும். அதற்கு அடியில் தாமிரப் படலம் இருந்தால் அமோனியா கலந்த பாரல் (குழல்) கிளீனர் ஒரு சின்ன கீறல் வழியே உள்ளே போய் அந்தத் தாமிரத்தைக் கரைத்துவிடும், நிக்கல் தோல் தோலாக உரியும். ஹார்டு குரோம் ராக்வெல் சி அளவுகோலில் 70 வாக்கில் நிற்கும் கடினம், கீறுவது கஷ்டம். ஆனால் அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கள். குரோமும் நிக்கலும் இரும்பை விட எளிதில் அரிபடாத உலோகங்கள், அதாவது உப்பு நீரில் தாங்கள் அரிக்கப்படாமல் இரும்பை அரிக்க விட்டுவிடும். துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். இவை அதற்கு நேர் எதிர். ஆகவே முலாமில் ஓர் ஊசித்துளை இருந்தால், முலாமே இல்லாத இரும்பை விட அந்தப் புள்ளியில் துரு வேகமாகக் குழி பறிக்கும்.

முலாமில் உன் ஊருக்கு ஏற்றது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், மின்சாரம் இல்லாமல் ரசாயன வினையால் படியும் எலக்ட்ரோலெஸ் நிக்கலைச் சொல்வேன், அதுவும் பாஸ்பரஸ் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கும் வகையை. 90 டிகிரி வாக்கில் உள்ள தொட்டியில் மூலை, துளை, பள்ளம் எல்லா இடத்திலும் ஒரே தடிமனாகப் படியும். மின்முலாம் விளிம்பில் தடித்தும் பள்ளத்தில் மெலிந்தும் போகும், இது அப்படிப் போகாது. 400 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால் ஹார்டு குரோமுக்கு நிகராகக் கடினமாகும் என்று பட்டறையில் ஆசை காட்டுவார்கள். வேண்டாம் என்று சொல். பாகங்களின் பதம் இறங்கிவிடும், துருத் தடுப்பும் குறையும். எந்த முலாமாக இருந்தாலும், கடினப்படுத்திய பாகங்களை முடிந்த சில மணி நேரத்துக்குள் 190 டிகிரி வாக்கில் நெடுநேரம் சுட்டு ஹைட்ரஜனை வெளியேற்றுகிறார்களா என்று கேள். சரியான பட்டறைக்காரர் நீ கேட்பதற்கு முன்பே சொல்வார்.

குளோக் பிஸ்டலில் இருப்பது போல் நைட்ரைடு செய்யலாமா என்றாய். குளோக் ஸ்லைடு அதற்கென்றே திட்டமிட்டு, அதற்கேற்ற எஃகில் செய்தது. நைட்ரைடு செய்யும் உப்புக் குளியல் சுமார் 580 டிகிரியில் நடக்கிறது. நைட்ரஜன் எஃகுக்குள்ளேயே ஊடுருவுவதால் உரிவதற்கு மேலே தனிப் படலம் கிடையாது, துருவுக்கும் மிக நன்றாக நிற்கும். ஆனால் அந்தச் சூட்டில் உன் ஸ்லைடு எந்தப் பதத்தில் கடினப்படுத்தப்பட்டது என்று தெரியாமல் போடுவது சூதாட்டம். பின்னால் சைட்டுக்கு ஒரு பள்ளம் வெட்டவேண்டும் என்றாலும் வெட்டுளி வழுக்கும். புதுத் தயாரிப்புக்கு அருமையான முறை, உன்னுடையதுக்கு வேண்டாம்.

இனி என் சிபாரிசு. மாங்கனீசு பாஸ்பேட் அடியில், அதன் மேல் வெளிப்பரப்புக்கு மட்டும், அடுப்பில் சுட்டு இறுக்கும் செராமிக் பூச்சான செராகோட் எச் வகை. பாஸ்பேட்டின் சொரசொரப்பை செராகோட் இறுகப் பிடித்துக்கொள்ளும். பூச்சு எங்காவது பெயர்ந்தாலும் அடியில் பாஸ்பேட் இருப்பதால் துரு பக்கவாட்டில் ஊர்ந்து பரவாது. இந்தச் சேர்க்கைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பாஸ்பேட் முடிந்ததும் எண்ணெயில் முக்கக்கூடாது. அலசி, காயவைத்து, உடனே பூச்சுக்குப் போகவேண்டும். இரண்டையும் இரண்டு கடையில் செய்தால் இடையில் எண்ணெய் ஏறிவிடும். ஒரே இடத்தில் செய்பவரைப் பிடி.

செராகோட்டில் பூச்சு 18 பங்குக்குக் கடினமாக்கி ஒரு பங்கு என்பது வழக்கமான கலவை. பூசுவதற்கு முன் அசிட்டோனில் ஊறவைத்து, 149 டிகிரியில் ஒரு மணி நேரம் அடுப்பில் வைத்தால் துளைகளில் ஒளிந்த எண்ணெய் வெளியே வழியும். வழிந்தால் மறுபடி ஊறவைத்து மறுபடி சுடவேண்டும். இந்தப் படியைத் தாண்டுபவர்களிடம்தான் பின்னால் கொப்புளம் வருகிறது. பூசிய பின் 121 டிகிரியில் இரண்டு மணி நேரம். சமையல் அடுப்பைப் பயன்படுத்தக்கூடாது. சரியாக வெந்ததா என்று அறிய, வெளியே தெரியாத இடத்தில் அசிட்டோன் நனைத்த துணியால் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் நிறம் ஏறினால் வேகவில்லை.

இதன் தடிமன் 25 மைக்ரான் வாக்கில், அதாவது ஆயிரத்தில் ஓர் அங்குலம். கேட்கக் கொஞ்சமாக இருக்கும். ஆனால் ஸ்லைடின் தண்டவாளத்தில் ஒன்றும் ஃபிரேமின் தண்டவாளத்தில் ஒன்றும் ஏறினால் இடைவெளியில் 50 மைக்ரான் போய்விடும். நன்றாகப் பொருத்திய 1911 அதோடு நின்றுவிடும். ஆகவே தண்டவாளம், பாரலின் வெளிப்பக்கம், லாக்கிங் பள்ளங்கள், தோட்டாவின் அடி பதியும் பிரீச் முகம், ஃபயரிங் பின் துளை, ஃபிரேமுக்குள் ஹாமரைப் பிடித்து நிறுத்தும் சியர் வேலைசெய்யும் இடம் எல்லாவற்றையும் செராகோட் படாமல் மூடச் சொல். பாரலின் உட்புறத்திலும் சேம்பரிலும் பாஸ்பேட்டும் வேண்டாம், ரப்பர் அடைப்பு போட்டு மூடுவார்கள். ஆனால் கிரிப் பலகைக்கு அடியிலும் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங்கின் உள்பக்கத்திலும் மறக்காமல் பூசச் சொல். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள், உனக்குத் துரு வருவதே அங்கேதான்.

கொடுப்பதற்கு முன் முழுக்கப் பிரித்து, சியர், ஹாமர், ஒரு இழுப்புக்கு ஒரு முறை மட்டும் சுடவைக்கும் டிஸ்கனெக்டர், எல்லா ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின் ஆகியவற்றை உன்னிடமே வைத்துக்கொள். இருட்டில் ஒளிரும் டிரிஷியம் நைட் சைட் இருந்தால் கழற்றிவிடு, அது சூடு தாங்காது. சீரியல் எண் உள்ள இடத்தில் சாணையோ கனத்த மணலோ படக்கூடாது என்று எழுதிக் கொடு. எண்ணை அழித்த துப்பாக்கியைத் தெரிந்தே கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அங்கே சட்டத்தின் கண்ணில் ஃபிரேம்தான் துப்பாக்கி, அதனால் அதை உரிமம் பெற்ற பட்டறைக்கு மட்டுமே அனுப்ப முடியும். வெறும் ஸ்லைடையும் பாரலையும் சாதாரணப் பாகமாக அனுப்பலாம்.

திரும்பி வந்ததும் ரீகாயில் ஸ்பிரிங் இல்லாமல் ஸ்லைடை ஃபிரேமில் ஏற்றிச் சாய்த்துப் பார். தன் கனத்திலேயே வழுக்கி இறங்கவேண்டும். ஃபயரிங் பின்னைத் துளையில் விட்டால் தடங்கலில்லாமல் ஓடவேண்டும். பிறகு காலித் துப்பாக்கியில் தம்ப் சேஃப்டி, கிரிப் சேஃப்டி, டிஸ்கனெக்டர் மூன்றையும் சோதித்துவிட்டுத்தான் ரேஞ்சுக்குப் போ.

இவ்வளவு செய்த பிறகும் தண்டவாளத்துக்கு எண்ணெய் வேண்டும். கிரிப் பலகையைக் கோடையில் மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்து, மியூசியங்களில் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகை அடியில் லேசாகத் தடவு. இரவில் தோல் உறையிலேயே விட்டுவைக்காதே, தோல் ஈரத்தையும் உப்பையும் பிடித்து இரும்போடு சேர்த்து அழுத்திவைக்கும்.

அண்ணனுக்கு ஸ்டெயின்லெஸ் 1911 வாங்கிக்கொடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். அதற்குப் பூச்சு எதுவும் வேண்டாம். ஆனால் அதில் பெரும்பாலும் வரும் 416 வகை, வெட்டுவதற்கு எளிதாகக் கந்தகம் சேர்த்த எஃகு, சமையல் பாத்திர ஸ்டெயின்லெஸ் அளவுக்குத் துருத் தாங்காது. சாதாரண ஸ்டீல் வூலால் தேய்த்தாலோ, இரும்புக்கு அடித்த பழைய மணலையே அதற்கும் அடித்தாலோ, இரும்புத் துகள்கள் மேலே ஒட்டி அவை துருப்பிடிக்கும். நைலான் பிரஷ் மட்டும் பயன்படுத்தச் சொல்.

பட்டறையை முடிவு செய்ததும் அவர்கள் எழுதித் தரும் வேலைச் சீட்டை எனக்கு அனுப்பு. எந்த இடத்தை மூடுகிறார்கள் என்பதைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
முரளி