அர்ழான்தேய் ‘வெள்ளிக் கண்’ அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பிரான்ஸ் பயணத் தொடரை ரசித்துப் படித்தேன். 1870களில் ஓவியர் மோனே குடியிருந்து செய்ன் ஆற்றுப் படகுகளை வரைந்த அர்ழான்தேய் ஊரைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது. ஆனால் போகிற போக்கில், “அர்ழான் என்றால் வெள்ளி, ஏய் என்றால் கண், ஆகவே இது வெள்ளிக் கண் ஊர்” என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதிவிட்டார். வெள்ளி சரி. கண்ணுக்குத்தான் அங்கே வேலையில்லை.

இன்றைய பிரெஞ்சு அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய ஊர்ப்பெயரைப் பிரித்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பெயர் பிரெஞ்சு மொழிக்கே மூத்தது. கி.மு. 58இல் சீசர் படையோடு வந்தபோது அந்த நாட்டில் பெரும்பகுதியில் வழங்கியது கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்த கால் மொழி. அதில் ‘இயாலோன்’ என்றால் காடு திருத்திய வெளி. நாளடைவில் அங்கே எழுந்த குடியிருப்பும் அதே பெயரைப் பெற்றது. அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து ‘ஏய்’ என்று நிற்கிறது. இதே ஈறு கொண்ட வெர்னேய் ஆற்றோர ஆல்டர் மரங்களால் பெயர் பெற்ற ஊர். நான்தேய் பள்ளத்தாக்கு ஊர். கால் மொழி அழிந்துவிட்டாலும் அதன் உறவான வேல்ஸ் மொழியில் ‘குவெர்ன்’, ‘நான்ட்’ என்று இந்த இரண்டு சொற்களும் இன்னும் புழக்கத்தில் இருப்பதால், இது வெறும் ஊகமில்லை.

நான் வசிப்பது பாரீஸுக்குத் தெற்கே ஆன்தொனியில். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் ரயிலடிப் பலகையைப் பார்த்ததும் அந்தோனியார் கோயில் எந்தப் பக்கம் என்பார்கள். இங்குள்ள பழைய தேவாலயமோ புனித சத்துர்னினுக்கு உரியது. ஊருக்குப் பெயர் தந்தவர் புனிதர் அல்லர், அந்தோனியுஸ் என்ற நிலக்கிழார். ‘அந்தோனியாகும்’, அதாவது அந்தோனியுஸின் நிலம். ஆள் பெயர் லத்தீன். பின்னால் ஒட்டிய ‘ஆகும்’ என்ற விகுதி கால் மொழியிலிருந்து வந்தது. பெயர் லத்தீன் என்பதற்காக ஆளும் ரோமிலிருந்து வந்தவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ரோமர் ஆட்சியில் வசதிபடைத்த உள்ளூர்க்காரர்களே ரோமப் பெயர் வைத்துக்கொண்டார்கள்.

இந்த விகுதி வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறு விதமாகத் தேய்ந்திருப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சபினியுஸ் என்பவரின் நிலம் ‘சபினியாகும்’. அந்தப் பெயரில் ஒன்றல்ல, பல பண்ணைகள் இருந்தன. பாரீஸ் பக்கம் அது சவிஞி ஆயிற்று. தெற்கே ஆக்சிதான் பேசிய நாட்டில் ‘க்’ கெடாமல் சவிஞாக். மேற்கே சவிஞே, செவிஞே. லியோன் வட்டாரத்தில் சவிஞோ. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரித்தானி வட்டாரத்தில் செவிஞாக் என்று ஓர் ஊர், தெற்கத்தி ஊர் போலவே ‘க்’ வைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே பிரெத்தோன் மொழி வேரூன்றியதால் மற்ற வடக்கத்தி ஊர்களைப் போல ஈறு கெடவில்லை. கொஞ்ஞாக், ஒரியாக் என்று வரைபடத்தில் ‘ஆக்’ ஊர்களைக் கண்டால் இனி உங்கள் வாசகர்களுக்கும் பிடிபட்டுவிடும்.

அடுத்த இதழில் லியோன் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவசரமாக எழுதுகிறேன். அந்த நகரின் சின்னத்தில் சிங்கம் இருக்கிறது. பிரெஞ்சில் சிங்கத்தின் பெயரும் ஊரின் பெயரும் காதுக்கு ஒன்றுதான். கட்டுரையாளர் அதில் விழுந்துவிடக் கூடாது. கி.மு. 43இல் ரோமர்கள் அங்கே குடியேற்றம் அமைத்தபோது வழங்கிய பெயர் ‘லுக்துனும்’. ‘துனோன்’ என்பது கால் மொழியில் மேட்டுக் கோட்டை. முற்பகுதி லுகுஸ் என்ற தெய்வத்தின் பெயர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. வடக்கே குன்றின் மேல் ‘லான்’ என்றொரு நகரம் உண்டு. அதுவும் ஒரு காலத்தில் லுக்துனும்தான். அங்கே யாரும் சிங்கத்தைத் தேடுவதில்லை.

லியோனிலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பது வியன் நகரம். நேரம் இருந்தால் கட்டுரையாளர் அங்கிருந்து கிழக்கே போகும் பழைய ரோமச் சாலை வழியே ஒரு நடை போய் வரட்டும். வழியில் செத்தெம், ஒய்த்தியே, தியெமோ என்று மூன்று சிற்றூர்கள் வரும். லத்தீனில் ஏழாவது, எட்டாவது, பத்தாவது. வியனிலிருந்து எண்ணிய மைல்கற்கள். ரோம மைல் ஏறக்குறைய 1,480 மீட்டர், அதனால் கார் மீட்டரை வைத்தே சரிபார்த்துவிடலாம். ஒன்பதாவது மைலின் பெயரில் மட்டும் ஏன் ஊர் இல்லை என்று என்னிடம் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஆன்தொனி, பிரான்ஸ்