சிகரெட் கேள்வியோடு நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னாள் கடற்படையினரின் நுரையீரல் நோய்கள் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல முயற்சி. ஆனால், பாய்லர் அறையில் வேலை பார்த்தவர்களோடு கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஆபத்து முடிந்துவிட்டதுபோல் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை.

அமெரிக்கக் கடற்படையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930-கள் தொடங்கி 1970-கள் வரை கட்டிய கப்பல்களில் நீராவிக் குழாய்களைச் சுற்றும் வெப்பக்காப்பு உறையான லேகிங், வால்வில் கசிவை அடைக்கும் பேக்கிங், குழாய் இணைப்புகளுக்கு இடையே வைக்கும் கேஸ்கெட் என எங்கு தொட்டாலும் கல்நார்தான். ஃபிளாஞ்சில் (குழாய் முனையின் இணைப்பு விளிம்பில்) ஒட்டிப்போன பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தால்தான் புதியது உட்காரும். அப்போது கிளம்பும் தூசியைப் பக்கத்தில் சும்மா நின்றவரும்தான் சுவாசித்தார். படுக்கைக்கு மேலேயே குழாய்கள் ஓடும். கப்பல் அதிர்ந்தால் பழைய லேகிங்கிலிருந்து தூள் உதிரும். சமையல்காரரும் எழுத்தரும் அதன் கீழேதான் தூங்கினார்கள். இவர்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

கல்நார் தூசியால் நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோயான மீசோதீலியோமா தலைகாட்ட 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஆகும். அதற்குள் அந்தக் கடற்படைக்காரர் சீருடையைக் கழற்றி, வேறு வேலை பார்த்து, அதிலிருந்தும் ஓய்வு பெற்றிருப்பார். மூச்சு வாங்குகிறது என்று போனால், "சிகரெட் உண்டா?" என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. சிகரெட்டும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும், வாஸ்தவம். மீசோதீலியோமாவோ சிகரெட்டையே தொடாதவருக்கும் வரும். எந்தக் கப்பல், எந்த ஆண்டுகள், கப்பலின் எந்த அடுக்கு, பழுதுபார்ப்பின்போது உள்ளே இருந்தாரா என்றல்லவா மருத்துவர் கேட்க வேண்டும்?

நஷ்டஈட்டிலும் இதே தாமதம்தான். பிரிட்டனில், 1987-க்கு முன் படைப்பணியில் கல்நாரைச் சுவாசித்தவர்கள் அரசின்மீது வழக்குப் போடச் சட்டத்தில் இடமில்லை. மீசோதீலியோமா வந்த முன்னாள் படையினர் 1,40,000 பவுண்டை மொத்தமாகப் பெறும் வழி 2016-ல்தான் நடைமுறைக்கு வந்தது. நோய் தெரிந்தபின் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை என்னும்போது, அதுவரை காத்திருந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

அடுத்த கட்டுரையில் நஷ்டஈட்டுக்கு விண்ணப்பிக்கும் முறையையும் விளக்குங்கள். பணி ஆவணங்களில் கப்பலின் பெயர் இருக்கும்; குழாய்த் தூசி இருக்காது. அதைச் சொல்ல உடன் பணிபுரிந்தவர்கள்தான் வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கையெழுத்திட்ட சாட்சிக் கடிதம் வாங்கி, மருத்துவக் கோப்பில் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஃபிட்டர் ஒருவர்