தூக்கத்தைப் பற்றிக் கேட்ட தையல்கார அக்காவுக்கும், மற்ற எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

என் எக்ஸிமா, அதாவது தோலில் அரிப்பும் புண்ணுமாக வருகிற கரப்பான், இப்போது நிறையத் தேவலை. போன் செய்து விசாரிக்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல். நான் இருந்த இருப்பை நீங்களே பார்த்தீர்கள். அந்தக் கதையை மறுபடி அவிழ்க்கப் போவதில்லை. முறைப்படி முதலில் டாக்டர், அப்புறம் வீட்டுக்காரர்கள், அப்புறம் நான் கணக்கு எழுதுகிற மாங்காய் மண்டி என்றுதான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நான் பழையபேட்டைத் தையல்கார அக்காவிடமிருந்து ஆரம்பிக்கிறேன். பெயர் போட்டால் திட்டுவார். எந்தக் கடை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஜாக்கெட் கையைப் பிரித்துத் தளர்த்தித் தரச் சொல்லி அவரிடம் போயிருந்தேன். கையை மறைக்க வேண்டும் என்று முழங்கைக்குக் கீழே இறங்குகிற மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் மடிப்பில் துணி பட்டாலே எரிந்தது. அக்கா ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினார். லைனிங்கில் முழங்கைக்கு நேராகப் பழுப்பாக ரத்தப் பொட்டுகள், எத்தனை துவைத்தும் போகாதவை. எனக்கு உடம்பே கூசிவிட்டது. அடுத்து என்ன வரும் என்று தெரியுமே. "இது ஒட்டுமா?" வரும். "கரப்பான் பண்டம் எதுவும் திங்கறியா?" வரும். ஏதோ ஒரு ஊர் வைத்தியரின் விலாசம் வரும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நைட்டு தூங்குறியா பாப்பா?"

சின்ன வயதிலிருந்து என் தோலைப் பற்றிக் கேட்காத ஆள் இல்லை. தூக்கத்தைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். எனக்கு வார்த்தை வரவில்லை, அழுகைதான் வந்தது. கடையில் இன்னும் இரண்டு பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களைச் சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பிவிட்டு எனக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் அவர் விடிய விடிய மிஷினில் உட்காருவாராம். "மூணாவது நாள் ஆச்சுன்னா டேப்புல முப்பத்தாறுன்னு கண்ணு பாக்கும், வாயும் முப்பத்தாறுன்னு சொல்லும், நோட்டுல எழுதறதுக்குள்ள நம்பர் காணாமப் போயிடும். யாராவது சும்மா கூப்பிட்டாக்கூட அழுகை வரும். எனக்கு அது வருஷத்துல ஒரு வாரம். உன் மூஞ்சியப் பாத்தா உனக்கு வருஷம் பூரா தீபாவளி மாதிரி இருக்கே."

சிரித்துவிட்டேன். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"வீட்டுல பழைய வேட்டி கெடந்தா எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அந்த வேட்டிகளில் எனக்கு இரண்டு நைட்டி தைத்தார். அதைத் தைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே அவஸ்தையில் இருக்கிற யாராவது இதைப் படிக்கலாம். முதலில் கஞ்சிப் பசை முழுக்கப் போகிறவரை அலசி நிழலில் காயப்போட்டார். தையல் எல்லாம் வெளிப்பக்கம், உடம்பில் படுகிற பக்கம் வழவழவென்று இருக்கும். ஓவர்லாக் போடவில்லை; அந்த நைலான் நூல் குத்தும் என்று ஓரத்தை மடித்துப் பருத்தி நூலிலேயே அடித்தார். லேஸ் இல்லை, லேபிள் இல்லை, ஹூக்குக்குப் பதில் நாடா. கை மட்டும் விரல் நுனியைத் தாண்டி ஒரு சாண் நீளம், முனையைப் பை மாதிரி மூடிவிட்டார். தண்ணீர் குடிக்கவோ போனை எடுக்கவோ கையை வெளியே விட உள்ளங்கைப் பக்கம் ஒரு திறப்பு. தூக்கத்தில் கை தானாகச் சொறியப் போனாலும் நகம் தோலில் படாது. வெளியே பார்த்தால் கோமாளிச் சட்டைதான். என் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நைட்டியால் நோய் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அரிப்பு அரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விடிந்து பார்த்தால் புதுக் கீறல் குறைந்திருந்தது, படுக்கை விரிப்பில் ரத்தம் இல்லை. அதைவிட முக்கியம், அக்கா கேட்ட அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நான் டாக்டரிடம் பேசத் தெரிந்துகொண்டேன். அதுவரை எந்த மருத்துவரிடம் போனாலும் கையை நீட்டிக் காட்டுவேன். பார்த்து ஒரு களிம்பு, செட்ரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை எழுதி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தடவை உட்கார்ந்ததும் "டாக்டர், நான் தூங்கறதே இல்லை" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். போன வாரத்தில் எத்தனை ராத்திரி கெட்டது, பகலில் வேலை ஓடுகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, உயிரோடு இருக்கவே பிடிக்காமல் போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். இரவில் தோலின் சூடு கூடும், தோலிலிருந்து ஈரமும் அதிகமாகப் போகும். அழற்சியை அடக்க உடம்பே சுரக்கிற கார்ட்டிசால் அந்த நேரத்தில் குறைந்திருக்கும். அதனால்தான் பகலில் சும்மா இருக்கிற கை ராத்திரி ஆனதும் பேயாட்டம் போடுகிறது. செட்ரிசின் மாதிரி மாத்திரைகள், அலர்ஜியின்போது உடம்பு விடுகிற ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைத்தான் தடுக்கும்; எக்ஸிமா அரிப்பில் ஹிஸ்டமினுக்குப் பங்கு குறைவு, ஐஎல்-31 போன்ற வேறு ரசாயனங்கள்தான் நரம்பைத் தூண்டுகின்றன. தூங்குகிற மாதிரித் தெரிந்தாலும் அரிப்பால் மூளை அடிக்கடி விழித்து விழித்து அடங்குகிறது. "நீ தூங்கறே, உன் கை தூங்கல" என்று என் வீட்டுக்காரர் சொன்னது சரிதான் போல.

அப்புறம்தான் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி அழற்சியைக் குறைக்கிற சைக்ளோஸ்போரின் மாத்திரை ஆரம்பித்தார்கள். இது சும்மா கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை. ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் தவறாமல் பார்க்க வேண்டும், ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. கூடவே ஸ்டீராய்டு களிம்பை எவ்வளவு எடுப்பது என்றும் காட்டினார்கள்: ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவுக்குப் பிதுக்கினால் அது இரண்டு உள்ளங்கை அகல இடத்துக்குப் போதும். ஸ்டீராய்டு என்றாலே பயந்து பொட்டு வைக்கிற மாதிரி தடவிக்கொண்டிருப்பவர்களும் உண்டு, கடைக்காரர் கொடுத்ததை வருஷக்கணக்கில் முகத்தில் பூசுகிறவர்களும் உண்டு. இரண்டுமே ஆபத்து.

மூளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பில்லில் ஒரு வரியை மூன்று தடவை படித்தும் ஏறாது. ஒரு நாள் கூடை நிறைய மாம்பழம் எதிரே இருக்கிறது, செந்தூரா என்ற பேர் வரவே இல்லை. பெங்களூரா, நீலம், அல்போன்சா எல்லாம் வருகிறது, அது மட்டும் வரவில்லை. எனக்கு அறிவு மழுங்கிவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். தூக்கம் வர ஆரம்பித்ததும் பேர்களும் திரும்பி வந்துவிட்டன. இந்தச் சீசனில் கூட்டல் பழைய வேகத்தில் ஓடுகிறது.

இப்போது மற்றவர்கள். சீசன் நேரத்தில் என் பக்கத்துக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட மண்டித் தம்பிகள். மாம்பால் பட்டுப் பட்டுத்தான் இப்படி என்று சொன்னவர்களிடம், இது சின்ன வயதிலிருந்தே இருக்கிறது என்று எனக்காக வாதாடிய லோடுமேன் அண்ணன் (மாம்பால் தோலைப் புண்ணாக்கும் என்பது உண்மைதான், ஆனால் என் கதை வேறு). கைராசிக்கார லேப் பாப்பா. தேங்காயெண்ணெயும் வாஸ்லினும் தடவித் தடவிச் சலிக்காத என் வீட்டுக்காரர். அத்தைக்குத் தனி நன்றி: கத்தரிக்காயையும் கருவாட்டையும் எனக்காக வீட்டை விட்டே துரத்தியிருந்தவர், உங்களுக்கு உணவு அலர்ஜி எதுவும் இல்லை, சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே கருவாட்டுக் குழம்பும் களியும் கிண்டி வைத்தார்.

பிறகு, ஒரு ராத்திரி 14416-க்குக் கூப்பிட்டபோது எடுத்த அந்தக் குரல். நம் அரசு 'நட்புடன் உங்களோடு' என்று 2022-இல் ஆரம்பித்த மனநல சேவை அது, இரவிலும் எடுக்கிறார்கள். பேர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விடிகிற வரைக்கும் யாரையாவது எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள் என்றார். அத்தையை எழுப்பினேன். அதற்கு மேல் அந்த ராத்திரியைப் பற்றி எழுத வேண்டாம்.

எனக்கு ஒரு தீர்மானம் இருக்கிறது. இனி சொறியும் படையுமாக யாரைப் பார்த்தாலும், குழந்தையாக இருந்தால் அதன் அம்மாவிடமும் சேர்த்து, நான் கேட்கிற முதல் கேள்வி தூங்கினீர்களா என்பதுதான். பத்திய விசாரணையெல்லாம் மற்றவர்கள் செய்துகொள்ளட்டும்.

அக்கா, நீங்கள் இதைப் படிக்க மாட்டீர்கள், உங்கள் மகள் படித்துக் காட்டுவாள். இரண்டு நைட்டிக்கும் கூலி வாங்க மாட்டேன் என்று விட்டீர்கள். சரி. முதல் நைட்டி முழங்கையில் நைந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையில் நல்ல மல் துணி பார்த்து வாங்கி வருகிறேன், நான்கு தைக்க வேண்டும். இதற்குக் காசு வாங்கவில்லை என்றால் எதிர்க்கடையில் கொடுத்துவிடுவேன். அவர் ஓவர்லாக் போட்டுத்தான் தைப்பார், யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மண்டிக் கணக்குப்பிள்ளை,
கிருஷ்ணகிரி