பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருசக்கர வாகன ஒயரிங் வேலை பார்க்கும் அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும், பக்கத்திலேயே உதிரிபாகக் கடை வைத்திருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். மாதத்துக்கு ஒரு தடவையாவது நூறு, இருநூறு கிலோமீட்டர் போய் வராவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வேளாங்கண்ணி, ஏலகிரி, ஏற்காடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம். எங்கே போனாலும் ஹேண்டில்பாரில் போன் மாட்டியிருக்கும், அதற்குக் கீழே ஒரு சார்ஜர் இருக்கும். உங்களில் யாரோ ஒருவர் மாட்டிக் கொடுத்த சார்ஜர்தான். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து சார்ஜருக்கு ஒயர் இழுத்தால், அந்த முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு ஃபியூஸ் போடாமல் எந்த வண்டியையும் வெளியே அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னாலும் போடுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு நானும் மனைவியும் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி பத்தரை இருக்கும். பி.முட்லூர் தாண்டி, புதுச்சத்திரம் நெருங்கும்போது பிளாஸ்டிக் கருகும் நெடி வந்தது. முன்னால் போன லாரியின் பிரேக் என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன். லாரி போய்விட்டது, நெடி போகவில்லை. முன் விளக்கும் கொஞ்சம் மங்கினாற்போல் தெரிந்தது. "ஏங்க, நம்ம வண்டிதாங்க. சீட்டுக்கு அடியில சுடுது" என்றாள் மனைவி. ஓரங்கட்டிச் சாவியை அணைத்தேன். விளக்கு அணைந்தது. என்ஜின் நின்றது. புகை நிற்கவில்லை.

அந்த நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை. சாவியைத் திருப்பினால் வண்டி செத்துவிடும் என்றுதான் நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். கையில் சாவி இருக்கிறது, கண்ணெதிரே சீட்டுக்கு அடியிலிருந்து புகை வருகிறது, செய்ய ஒன்றும் இல்லை. சீட்டைத் தூக்கினேன். சார்ஜருக்குப் போன சிவப்பு ஒயர் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சீட்டின் அடித்தகடும் சேசிஸும் சேரும் இடத்தில் அது நசுங்கி, தோல் கிழிந்து, செம்பு வெளியே தெரிந்தது. அங்கிருந்து முன்பக்கம் போகும் மெயின் ஒயரிங்மேல் உருகி ஒட்டியிருந்தது. பேட்டரி முனையைக் கழற்ற 10-ஆம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். அன்றைக்கு என்னிடம் அது இல்லை. தர்பூசணி ஏற்றி வந்த டெம்போக்காரர் ஒருவர் நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கட்டிங் பிளேயரால் அந்த ஒயரை வெட்டி எடுத்தார். "இன்னும் ரெண்டு நிமிசம் உட்டிருந்தா பெட்ரோல் டியூபு வரைக்கும் போயிருக்கும் சார்" என்றார். பெயர்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சாலையில் போகும்போது எதிரே வரும் டெம்போக்களைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன்.

எந்தக் கடையில் மாட்டியது என்று எழுதமாட்டேன். மாட்டியவர் கெட்டவர் இல்லை, வேலை தெரியாதவரும் இல்லை. மாட்டும்போது ஃபியூஸ் உண்டா என்று நான் கேட்டேன். "போன் சார்ஜர்தானே சார், ஒண்ணும் ஆவாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

அந்த "ஒண்ணும் ஆவாது" என்ற சொல்லை இந்தத் தொழிலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். சார்ஜர் சின்னதுதான். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 10 வாட். பேட்டரிப் பக்கம் அது இழுப்பது ஏறக்குறைய ஓர் ஆம்பியர். ஆனால் ஒயர் உராய்ந்து, பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்திருக்கும் சேசிஸில் பட்டுவிட்டால், கரண்டு சார்ஜர் வரைக்கும் போகவே போகாது. செல்ஃப் மோட்டாரையே சுழற்றிவிடுகிற பேட்டரி அது. ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல்கூடத் தள்ளும். நூல் மாதிரி இருக்கும் சார்ஜர் ஒயர் அதைத் தாங்குமா? ஃபியூஸ் இருப்பது போனைக் காப்பாற்ற என்று பலபேர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது ஒயரை.

அதனால்தான் ஒரு சாண் என்கிறேன். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கிற துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது. சில வண்டிகளில் ஃபியூஸை ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில், சார்ஜரை ஒட்டிப் போட்டிருப்பதைப் பார்த்தேன். சீட்டுக்கு அடியிலும் டேங்குக்கு அடியிலும் ஒயர் நசுங்கக்கூடிய அத்தனை இடமும் ஃபியூஸுக்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. அப்படிப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். ஒரு போன் சார்ஜருக்கு 3 ஆம்பியர் போதும், வேகமாக ஏற்றும் சார்ஜர் என்றால் 5. கைக்குக் கிடைத்தது என்று 15, 20 செருக வேண்டாம். போன ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி முறுக்குவதையும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவதையும் தயவுசெய்து பையன்களுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது சாவி. பேட்டரியிலிருந்து நேரடியாக இழுத்தால் வண்டி நிற்கும்போதும் சார்ஜர் விழித்துக்கொண்டே இருக்கும். போன் மாட்டாவிட்டாலும் கொஞ்சம் குடிக்கும். 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 0.24 ஆம்பியர்-ஹவர் (பேட்டரியில் Ah என்று போட்டிருக்கும் அளவு). பத்து நாள் வண்டியை எடுக்காவிட்டால் 2.4. ஐந்து ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதி காலி. வோல்ட் காட்டும் விளக்கு வைத்த சார்ஜர் இன்னும் கூடுதலாகக் குடிக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து செல்ஃப் எடுக்கவில்லை என்று வாடிக்கையாளர் வந்தால், பேட்டரி போச்சு என்று புதுசு மாற்றுகிறோம். பாவம், பேட்டரிமேல் என்ன தப்பு? சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனில் சார்ஜரைக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. வெறும் ஒரு சார்ஜருக்கு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த லைனிலிருந்து தனி ஃபியூஸோடு எடுத்தாலே போதும். ஃபாக் லைட்டும் சேர்த்துக் கேட்டால் ரிலே வைத்துவிடுங்கள். ரிலேயின் கால்களில் 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87 வெளியே விளக்குக்கு, 86-க்கு சாவி லைன், 85 எர்த். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு செய்வீர்கள்.

செய்யாமல் இருப்பதற்குக் காரணமும் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் தலைமேல் நின்றுகொண்டு "அண்ணே, பத்து நிமிசத்துல முடிங்க" என்பார். நேராகப் பேட்டரியில் கொடுப்பது பத்து நிமிட வேலை. ஒழுங்காகச் செய்தால் டேங்கைக் கழற்ற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும், கூலி கூடும், அவர் பேரம் பேசுவார். தப்பு எங்களிடமும் இருக்கிறது. லட்ச லட்சமாகக் கொடுத்து வண்டி வாங்குகிறோம், ஒரு மணி நேரக் கூலிக்கு முகம் சுளிக்கிறோம். கூலியைக் கூட்டிக் கேளுங்கள். ஏன் என்று கேட்டால் இந்தப் புதுச்சத்திரம் கதையைச் சொல்லுங்கள். பத்துப் பேரில் எட்டுப் பேராவது கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

நம் ஊர் ஒயரிங்குக்கு வேறொரு எதிரியும் இருக்கிறது. உப்புக் காற்று. தேவனாம்பட்டினத்தில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து டேங்கை விரலால் தடவிப் பாருங்கள், பிசுபிசுப்பு ஒட்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையிலும் அப்படித்தான். அந்தக் காற்றில் ஒயரை உரித்து, முறுக்கி, மேலே டேப் சுற்றினால் எத்தனை நாள் நிற்கும்? வெயிலில் டேப்பின் பசை இளகி நழுவுகிறது, மழையில் தண்ணீர் உள்ளே போகிறது, ஆறே மாதத்தில் செம்பு பச்சையாகிப் பொடிப்பொடியாக உதிர்கிறது. என் வண்டியில் நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன், துத்தம் மாதிரி இருந்தது. லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) வைத்துக் கிரிம்ப் செய்து, அதாவது அழுத்தி இறுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். சால்டர் வைத்தால் இன்னும் உறுதி என்று சிலர் சொல்வார்கள். வீட்டு ரேடியோவுக்கு அது சரி. வண்டி அதிர்வில், சால்டர் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அங்கேயே ஒடிந்துபோகிறது. பேட்டரி முனையில் கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள். சார்ஜரின் வாயைக் கீழ்நோக்கி வைத்து மாட்டுங்கள், ரப்பர் மூடியை அறுத்து எறியாதீர்கள்.

கொடுப்பதற்கு முன் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துவிடுங்கள். கழுத்தில் ஒயர் இழுபட்டால் இன்றைக்குத் தெரியாது, மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

கடைக்காரர்களுக்கு அதிகம் சொல்ல இல்லை. உள்ளே வரும் அளவு 12-லிருந்து 24 வோல்ட் வரை என்று அட்டையில் போட்டிருக்கும் சார்ஜராக வாங்கி வையுங்கள். வண்டியின் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெக்டிஃபையர் பழுதானால் வோல்டேஜ் 15-க்கு மேலே ஏறலாம், மட்டமான சார்ஜர் அதில் போய்விடும். ஃபியூஸ் ஹோல்டரைச் சார்ஜரோடு சேர்த்தே கொடுங்கள், தனியாகக் கேட்டால்தான் என்று வைக்காதீர்கள். போனை மாட்டும் பிடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் வைத்தது இருக்கிறதென்று வாங்க வருபவருக்குக் காட்டுங்கள். பெரிய பைக்குகளின் அதிர்வு போன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. என்னுடைய பழைய போன் அதற்குச் சாட்சி. கேமராவைத் திறந்தால் படம் நடுங்கிக்கொண்டே இருக்கும்.

சித்திரை வெயிலில் "சார்ஜ் ஏறலண்ணே" என்று யாராவது திரும்பி வந்தால் உடனே சார்ஜரை மாற்றிவிடாதீர்கள். வழிகாட்டி ஓடுகிறது, திரை முழு வெளிச்சத்தில் இருக்கிறது, மேலே வெயில். போனின் பேட்டரி 45 டிகிரியை நெருங்கினால் போனே ஏற்றுவதைக் குறைத்துவிடும், இல்லை நிறுத்தியே விடும். ஒல்லிக் கேபிளாக இருந்தாலும் ஏறாது. நல்ல கேபிள் ஒன்றை மாட்டி, நிழலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒருமுறை திருப்பதி போகிறவருக்கு சார்ஜரே வேண்டாம், ஒரு பவர்பேங்க் போதும் என்று சொல்லி அனுப்புங்கள். உங்கள் பேச்சை அடுத்த தடவை அவர் நம்புவார்.

ஒரு போனுக்கா இவ்வளவு என்று யாராவது கேட்டால், போன் இப்போது வெறும் போன் இல்லை. லைசென்சும் ஆர்.சி.யும் டிஜிலாக்கரில் அதற்குள்தான் இருக்கின்றன. 2020 அக்டோபரிலிருந்து, கவனம் சிதறாமல் வழி பார்ப்பதற்கு மட்டும் ஓட்டும்போது போனைப் பயன்படுத்தலாம் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. புதுச்சேரி எல்லையில் முள்ளோடையில் இரவில் மறித்துக் கேட்கும்போது திரை கறுப்பாக இருந்தால் என்ன காட்டுவது?

புயல் வந்தால் கேட்கவே வேண்டாம். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் கரை கடந்தபோது எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்கே தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைத் தொட்டது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து ஆற்றங்கரை ஊர்களில் புகுந்தது. பாகூர் பக்கம் இருக்கும் என் சித்தப்பா வீட்டில் கரண்டு இல்லை. மேடான இடத்தில் நின்ற ஒரே ஒரு வண்டியில் தெருவே போன் ஏற்றிக்கொண்டது. ஒருவர் எடுக்க, அடுத்தவர் மாட்ட, என்ஜினை ஓடவிட்டே. (மூடிய தாழ்வாரத்துக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.) "நாங்க நல்லா இருக்கோம்டா" என்ற சித்தப்பாவின் குரல் எனக்கு வந்தது அந்தச் சார்ஜரால்தான். அந்த ஒயரில் ஃபியூஸ் இருந்ததா என்று பிறகு போய்ப் பார்த்தேன். இல்லை. போன பொங்கலுக்குப் போனபோது நானே வாங்கிப்போய் மாட்டிவிட்டு வந்தேன்.

என் வண்டி இப்போது சரியாக இருக்கிறது. புதிய மெயின் ஒயரிங், பேட்டரியை ஒட்டி மூடி போட்ட ஃபியூஸ் ஹோல்டர், சாவி லைன், ஸ்லீவ் எல்லாம் திருப்பாப்புலியூர் பக்கம் ஒரு தம்பி பொறுமையாக உட்கார்ந்து செய்து கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரும்பாலும் சில்வர் பீச் பக்கம்தான் இருப்பேன். உங்களிடம் வேலை கற்கும் பையன்களை அனுப்பினால் சீட்டைக் கழற்றிக் காட்டுகிறேன். எரிந்த அந்தச் சிவப்பு ஒயர்த் துண்டையும் வைத்திருக்கிறேன், கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

அன்புடன்,
மஞ்சக்குப்பத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளன்